உங்களுக்குத் தெரியுமா? வீதிக் காசும் நிபந்தனையும்

வீதிக்குக் காசு தருவது யார்? அந்த வீதியால் போகவர அனுமதி தருவது யார்? வன்னி மக்கள் பட்டு அறிந்த இந்தக் கேள்விகள் அண்மையில் அமெரிக்க நீதிமன்றம் வரை போயின.

● 2025 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துச் செயலாளர் ஷோன் டஃபி மாநிலங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். குடிவரவுச் சட்டத்தை அமுலாக்க ஒத்துழைக்காத இடங்கள் மத்திய போக்குவரத்து நிதியை இழக்கக்கூடும் என்றார். 20 மாநிலங்கள் வழக்குப் போட்டன. ரோட் ஐலண்டில் உள்ள மத்திய நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில், அந்த நிபந்தனை சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

● எல்லா நிபந்தனையும் தவறல்ல. மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலங்களுக்கு வீதி நிதியில் ஒரு பங்கை நிறுத்திவைக்கும் சட்டம் அமெரிக்காவில் 1984இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 1987இல் அதை ஏற்றது. வீதிப் பாதுகாப்புக்கும் வீதி நிதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதே காரணம்.

● இலங்கையில் குடிவரவும் குடியுரிமையும் மத்திய அரசின் கையில். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த வீதிகளை மாகாணத்துக்குத் தந்தது. ஆகவே தேசிய நெடுஞ்சாலைகளான ஏ9, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 மூன்றும் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை.

● மாகாணங்களுக்கான நிதியைப் பரிந்துரைக்கும் நிதி ஆணைக்குழுவில் ஐந்து பேர். மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் அதில் உண்டு. மாகாண சபைகள் தெரிவுசெய்து அனுப்பும் உறுப்பினர் ஒருவரும் இல்லை.

● போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டியிருந்தது. வவுனியாவில் தங்கவும் அங்கிருந்து தெற்கே போகவும் அரச படைகளின் பாஸ் வேண்டியிருந்தது. வவுனியா சிதம்பரபுரம் முகாம் தொடர்பான வழக்கில், இந்தப் பாஸ் கட்டுப்பாடு நடமாடும் சுதந்திரத்தை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது.

● இந்தியக் கடனுதவியில் மீண்டும் போட்ட ரயில் பாதையில், 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்தேவி வவுனியா, கிளிநொச்சி கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தது. அதே மாதம், வடக்குக்கு வரும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு திரும்ப வந்தது. பெற்றோரைப் பார்க்க வந்த புலம்பெயர் பிள்ளைகளுக்கும் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அதே விதிதான். ஆட்சி மாறிய பிறகு, 2015 ஜனவரியில் அது நீக்கப்பட்டது.

● அமெரிக்க மாநிலங்கள் வழக்காட முடிந்தது, அவற்றுக்கு மக்கள் தெரிவுசெய்த அரசுகள் இருந்ததால். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் முதல் தேர்தல் நடந்தது. 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக ஆளுநரின் நிர்வாகமே. நிதியோடு வேண்டாத நிபந்தனை வந்தால் மறுத்துப் பேச, நமக்கென்று ஒரு சபை வேண்டும். மாகாண சபைத் தேர்தலை நாம் விடாமல் கேட்க இந்த ஒரு காரணமே போதும்.