பக்கத்து ஸ்விட்சைக் கேட்டால் போதும்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவார மாந்தோப்பு ஒன்றில், ஆடிக் காற்றுக்கு ஒரு கிளை ஒடிந்து 11 கிலோவோல்ட் கம்பிமேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். துணைமின் நிலையத்தில் பிரேக்கர் ட்ரிப் ஆகும். அங்கிருந்து கிளம்பும் அந்த லைன், அதாவது ஃபீடர், மொத்தமும் இருட்டு. வயர்மேன் டார்ச் வெளிச்சத்தில் லைனைப் பார்த்துக்கொண்டே போய், கிளையைக் கண்டுபிடித்து, ஏ.பி. ஸ்விட்சை (லைனைத் துண்டிக்கும் கம்பத்து ஸ்விட்ச்) கையால் திறந்து அந்தத் துண்டைப் பிரித்துவிட்டால்தான் மற்ற தெருக்களுக்குக் கரண்ட்.

இதை ஸ்விட்சுகளே செய்துகொள்ள முடியும். பழுது நேர்ந்த நொடியில் பெரும் மின்னோட்டம் தன் வழியாகப் போனதா என்பது ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தெரியும். எனக்குள் போனது, அடுத்தவனுக்குள் போகவில்லை என்றால் பழுது எங்கள் இருவருக்கும் நடுவே. இரண்டும் திறந்துகொள்ளும். பழுதுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு, வழக்கமாகத் திறந்தே கிடக்கும் இணைப்பு ஸ்விட்ச் வழியாகப் பக்கத்து ஃபீடர் கரண்ட் கொடுக்கும். அமெரிக்காவின் சாட்டனூகா நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தானியங்கி ஸ்விட்சுகள் உள்ளன.

சிக்கல், பக்கத்து ஃபீடர் கரண்ட் கொடுக்கும் அந்தக் கடைசிப் படியில்தான். மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை ஃப்ரிட்ஜ், தோட்டத்து பம்புசெட், வீட்டு மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். வழக்கமான லோடைக் கணக்கில் வைத்துக் கை கொடுத்த ஃபீடரும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே ‘எவ்வளவு தாங்குவாய்?’ என்று முதலில் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

இதையெல்லாம் தலைமையகத்துக் கணினி ஒன்றே முடிவு செய்யலாமே? சாதாரண நாளில் செய்யலாம். முழு வரைபடமும் அதனிடம் இருப்பதால் இன்னும் நன்றாகவே செய்யும். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களோடு செல்போன் சேவையையும் முடக்கியது. தகவல் வராத தலைமையகம் என்ன முடிவெடுக்கும்? பக்கத்துக் கம்பத்தோடு குட்டி ரேடியோவில் பேசும் ஸ்விட்ச், தன் எல்லைக்குள்ளாவது வேலையைப் பார்க்கும்.

கம்பத்தை அது நட்டுத்தராது. அதற்குப் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள்தான் வந்தார்கள். அப்படி வருபவர்களுக்கு எந்த லைனுக்கு எந்தப் பக்கமிருந்து சப்ளை வரும் என்பது தெரியாது. உள்ளூர் வயர்மேனுக்குத் தெரியும். அவர் எல்.சி. (லைனில் வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, எர்த் ராடு மாட்டிக் கம்பத்தில் ஏறியிருக்கும்போது இணைப்பு ஸ்விட்ச் தானாக மூடிக்கொண்டால் உயிரே போகலாம். அதனால் எல்.சி.யை அவர் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த ஸ்விட்ச், யார் கேட்டாலும் மூடாதபடி பூட்டிக் கிடக்க வேண்டும்.