பழைய காருக்குப் புது மூச்சு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் ஒரு மோரிஸ் மைனர் போவதை நினைத்துப் பாருங்கள். முன்னால் அப்பாவும் அம்மாவும். பின்னால் மூன்று பிள்ளைகள், அவர்கள் நடுவே பாட்டி. காலடியில் பலகாரப் பாத்திரம். வளைவுக்கு வளைவு கியர் இறங்குகிறது. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு கார் ஊர்கிறது. பின்னால் வரும் லாரிக்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடிக்கிறார்.

"அப்பா, கேம்ஷாப்டைச் சாணை பிடித்துப் போட்டால் கார் பறக்குமாம். பட்டறையில் சொன்னார்கள்" என்கிறான் மூத்த மகன்.

பறக்குமா? பறக்காது. ஆனால் அளவோடு செய்தால் கொஞ்சம் மூச்சு கூடும். அளவு மீறினால் இருக்கிற மூச்சும் போய்விடும். காசைக் கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுக்குமுன் இந்த விஷயத்தை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

மோரிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை தயாரானது. தோட்டத்துக் கிராணிமாரும் பள்ளி ஆசிரியர்களும் ஓட்டிய கார். இன்றும் சில வீடுகளில் தாத்தாவின் நினைவாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். 1956இல் வந்த 948 சி.சி. என்ஜினை நம் உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதன் சக்தி 37 குதிரைச் சக்தி.

என்ஜினின் மூக்கு

நாம் மூச்சை இழுத்து விடுவதுபோல என்ஜினும் இழுத்து விடுகிறது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை ஒரு வால்வு வழியாக உள்ளே போகிறது. எரிந்த புகை இன்னொரு வால்வு வழியாக வெளியே வருகிறது. எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கட்டளை இடுவதுதான் கேம்ஷாப்ட்.

அது ஓர் இரும்புத் தண்டு. அதன்மேல் முட்டை வடிவில் மேடுகள் இருக்கும். தண்டு சுழலும்போது மேடு டாப்பெட்டைத் தள்ளும். டாப்பெட் ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி ராக்கரை அசைக்கும். ராக்கர் வால்வைத் திறக்கும். கிராங்க்ஷாப்ட் இரண்டு முறை சுற்றினால் கேம்ஷாப்ட் ஒரு முறை சுற்றும். என்ஜின் நிமிடத்திற்கு 4,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் 2,000 முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் கலவை உள்ளே போகக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு!

சாணை பிடிப்பது எப்படி?

மேட்டை உயர்த்த வேண்டுமென்றால் இரும்பை மேலே ஒட்ட வேண்டும் என்றுதான் தோன்றும். சாணைக்காரர் செய்வது நேர்மாறு. மேட்டின் நுனியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, அதன் அடிவட்டத்தைத் தேய்த்துச் சிறிதாக்குகிறார். பள்ளம் தாழ்ந்தால் மேடு உயர்ந்ததாகத்தானே அர்த்தம்? அடிவட்டத்தில் அரை மில்லிமீட்டர் குறைத்தால், ராக்கரின் நெம்புதலையும் சேர்த்து வால்வு அதைவிடச் சற்று அதிகமாகவே உயரும். மேட்டின் தோள்களை அகலமாக்கினால் வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. கேம்ஷாப்டின் மேல்பரப்பு மட்டுமே மிகக் கெட்டியானது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டையை மெல்லச் சீவினால் பால் வரும். ஆழமாக இறக்கினால் மரத்திற்குக் காயம். அதுபோலச் சாணை ஆழமாகப் போய்க் கெட்டியான தோலைத் தாண்டிவிட்டால், உள்ளே இருக்கும் மெதுவான இரும்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். அந்த இரும்புத்தூள் எண்ணெயோடு கலந்து என்ஜின் முழுதும் ஓடும்.

ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது

948 என்ஜினில் கலவை வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்பே திறக்கிறது. பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பி 45 டிகிரி ஆன பிறகே மூடுகிறது. மொத்தம் 230 டிகிரி.

இதை 250 டிகிரி அளவுக்குக் கூட்டுவது மிதமான மாற்றம். நடுவேகத்துக்கு மேல் கார் தாராளமாக இழுக்கும். கிடைப்பது ஒரு சில குதிரைச் சக்திதான், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். 300 டிகிரியைத் தொட்டால் அது பந்தயக் கார் அளவு. வேகமாக ஓடும்போது கலவை தன் வேகத்திலேயே உள்ளே பாய்வதால் வால்வு தாமதமாக மூடுவது நன்மை. மெதுவாகப் போகும்போதோ, மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையையே திரும்ப வெளியே தள்ளிவிடும். கார் நின்ற இடத்தில் குலுங்கும். பெட்ரோல் வீணாகும். கீழ்வேகத்தில் இழுவை இருக்காது.

மலைச் சாலையில் ஆறு பேரோடு ஏறும் குடும்பக் காருக்கு வேண்டியது எது? கீழ்வேக இழுவைதான். பந்தயக் கேம்ஷாப்டைப் போட்டால், எதற்காகச் செலவழித்தோமோ அதையே இழந்து நிற்போம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

முதலில், இந்த வேலை தேவைதானா என்று பாருங்கள். வால்வு இடைவெளி, பிளக், பாயிண்ட், கார்புரேட்டர், சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாதிக் கார்களுக்கு இதிலேயே நோய் தீர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு வால்வும் எவ்வளவு உயர்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைவாக உயர்ந்தால் அந்த மேடு தேய்ந்திருக்கலாம். அப்போது சாணை பிடிப்பது ஆடம்பரமல்ல, அவசியம்.

வேலை கொடுப்பதென்றால் இவற்றைக் கேளுங்கள். எத்தனை டிகிரிக்குச் சாணை பிடிப்பார்கள்? பிடித்தபின் மேல்பரப்பைக் கெட்டிப்படுத்துவார்களா? டாப்பெட்டுகளைப் புதிதாகப் போடுவார்களா, அல்லது அவற்றின் முகத்தையும் சீராக்குவார்களா? பழைய டாப்பெட்டைப் புதிய மேட்டின்மேல் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். வால்வு கூடுதலாகத் திறக்கும்போது ஸ்பிரிங் முழுதும் நெருங்கி இறுகிவிடாமல் இடம் இருக்கிறதா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் பட்டறையில் கொடுங்கள். என்ஜினை இறக்கும் கூலியையும் சேர்த்துத் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இருபது நிமிடம்

புதிதாகச் சாணை பிடித்த கேம்ஷாப்டின் ஆயுள் முதல் இருபது நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடும். பூட்டும்போது மேடுகளில் அதற்கென்ற பசையைத் தடவ வேண்டும். என்ஜினைக் கிளப்பியதும் சும்மா மெதுவாக ஓடவிடக்கூடாது. நிமிடத்திற்கு 2,000 சுற்று அளவில், சற்றே கூட்டியும் குறைத்தும் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடினால் மேடுகளின்மேல் போதிய எண்ணெய் தெறிக்காது.

எண்ணெயிலும் கவனம் தேவை. இன்றைய கார்களுக்கான பல எண்ணெய்களில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த தேய்மானத் தடுப்பு மருந்து குறைவு. பழைய என்ஜினுக்கு அது அவசியம். பழைய கார்களுக்கு ஏற்ற எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

1962இல் கம்பெனிக்காரர்களே மோரிஸ் மைனரின் சக்தியை 37இலிருந்து 48 குதிரைச் சக்தியாக உயர்த்தினார்கள். என்ஜினை 1098 சி.சி. ஆக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. முன்சக்கர பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். ஓடும் சக்தியைக் கூட்டினால் நிற்கும் சக்தியையும் கூட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மலை ஏறிய கார் இறங்கித்தானே ஆக வேண்டும்? ஆகவே கையில் இருக்கும் வெள்ளி ஒரு வேலைக்கு மட்டும்தான் போதும் என்றால், முதலில் பிரேக்கைப் பாருங்கள். கேம்ஷாப்ட் அடுத்த வருடம் வரை காத்திருக்கும். லாரிக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். சாலை ஓரம் ஒதுங்கி வழி விடுங்கள். பாட்டியும் பிள்ளைகளும் பத்திரமாக வீடு திரும்புவதைவிடப் பெரிய வேகம் எதுவும் இல்லை.