புலனத்தில் வரும் வெள்ளச் செய்தி: யாரை நம்புவது?

கிள்ளானில் இருக்கும் அண்ணன், 'பாலம் மூடியாச்சு' என்று உங்களிடம் சொல்கிறார். பிரிக்பீல்ட்ஸ் அக்காவோ, 'திறந்திருக்குன்னுதானே அண்ணன் என்கிட்ட சொன்னாரு' என்கிறார். மாற்றிச் சொன்னது யார்?

மூவரில் ஒருவர் பொய்யர் என்றால், உங்களால் கண்டுபிடிக்க முடியாது. கணினி ஆய்வாளர்கள் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் 1982-இல் இதற்குப் 'பைசாந்தியத் தளபதிகள் சிக்கல்' எனப் பெயரிட்டனர்.

தீர்வு என்ன?

ஒரு பொய்யரைச் சமாளிக்க மொத்தம் 4 பேர் வேண்டும். இருவருக்கு 7 பேர். கேட்டதை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டு, பெரும்பான்மையை ஏற்கலாம். இலக்கவியல் கையொப்பம் இருந்தால் மூவரே போதும். இடையில் இருப்பவர் செய்தியை மாற்ற முடியாது.

புலனத்தில்?

குறியாக்கம், வெளியாள் படிப்பதைத்தான் தடுக்கும். பலர் கைமாறி வந்த செய்தியை முதலில் எழுதியவர் யாரென்று அது காட்டாது. பத்து குழுக்களில் வந்தாலும், மூலம் ஒன்றாகவே இருக்கலாம்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறக்க முடியுமா? ஆற்று நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறையின் 'இன்ஃபோ பஞ்சிர்' அகப்பக்கத்திலும், சந்தேகத்துக்குரிய தகவலை 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' தளத்திலும் சரிபார்த்த பிறகே பகிருங்கள்.