ஆற அமர ஒரு லடாக் பயணம்

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வெளியூர் என்றால் என்ன? சாரல் விழுந்தால் குற்றாலம், ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில், கல்யாணம் காதுகுத்து என்றால் ராஜபாளையம், மதுரை. அவ்வளவுதான்! பிள்ளைகள் இரண்டு பேரும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்ட பிறகு, 2024 ஜூனில் நானும் என் வீட்டுக்காரரும் இந்தியாவின் வடகோடிக்கே போய் வந்தோம். ஸ்ரீநகர், கார்கில், லே, நூப்ரா என்று போக வர இருபத்திரண்டு நாள்.

"எதுக்கு மதினி இத்தனை நாள்? டெல்லியில பிளேன் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல லே. அஞ்சு நாள்ல எல்லாத்தையும் பார்த்துட்டு வந்திரலாமே!" என்று நாத்தனார் கேட்டாள். இவருக்கு லேசாக ரத்த அழுத்தம் உண்டு. அதனால் முதலில் டாக்டரிடம் போனோம். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "தாராளமாகப் போங்க. ஆனால் படிப்படியாக ஏறுங்க" என்றார்.

காரணம் இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிகூடக் கிடையாது. லே நகரமோ சுமார் 11,500 அடி! அங்கே ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழகச் சில நாள் ஆகும். திடுதிப்பென்று போய் இறங்கினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் வரலாம். ஆகவே ஆற அமரப் போவதுதான் அங்கே முதல் மருந்து.

படிப்படியாக ஏற்றம்

சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ், சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், டெல்லியிலிருந்து ஜம்முவுக்கு ராத்திரி ரயில். அங்கிருந்து ஸ்ரீநகருக்கு மலைப்பாதையில் காரில் போனோம். இப்போது அந்தச் சிரமமும் குறைந்துவிட்டது. 2025 ஜூன் 6-ஆம் தேதி கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் விட்டுவிட்டார்கள். வழியில் வரும் செனாப் பாலம் ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரமாம்!

ஸ்ரீநகர் 5,200 அடி உயரம். நான்கு நாள் தங்கினோம். தால் ஏரியில் விடிவதற்குள் படகிலேயே காய்கறிச் சந்தை கூடிக் கலைந்துவிடுகிறது. தாமரைத் தண்டைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். 'நத்ரு' என்று பெயர். கறியாகவும் சமைக்கிறார்கள், மாவில் தோய்த்து நம் பஜ்ஜி மாதிரியும் பொரிக்கிறார்கள். ஜஹாங்கீர் 1619-இல் போட்ட ஷாலிமார் தோட்டத்தில், சினார் மர நிழலில், ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

பிறகு சோனாமார்க்கில் ஒரு ராத்திரி. அங்கிருந்து 11,500 அடி உயர ஜோஜிலா கணவாய். இந்தப் பக்கம் பைன் மரங்களும் பச்சைப் புல்லும். கணவாயைத் தாண்டினால் ஒரு மரம் கிடையாது, மொட்டை மலைகள்தான்! வழியில் மர்மோட் என்ற பிராணி, கீரியைவிடப் பெரிசு, கொழுகொழுவென்று பின்னங்காலில் நின்று நம்மை வேடிக்கை பார்க்கிறது.

திராஸில், 1999 கார்கில் போரில் உயிர் கொடுத்த வீரர்களின் நினைவிடம் இருக்கிறது. சுவரில் பெயர் பெயராகப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் போரில் பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்த மேஜர் சரவணன் நம் திருச்சிக்காரர். இந்தக் குளிரில், இந்த மலையில் ஏறி நின்று சண்டை போட்டார்களே, இவர்களைப் பெற்றவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று நினைத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

கார்கிலில் இரண்டு நாள், பழைய சுவரோவியங்கள் உள்ள ஆல்ச்சி மடத்தருகே ஒரு நாள். ஒன்பதாம் நாள்தான் லே போய்ச் சேர்ந்தோம்.

குக்கர் இல்லாத அடுப்படி இல்லை

லேயில் ஒரு வீட்டில்தான் தங்கினோம். அந்த வீட்டு அம்மாளுக்கு என் வயசு இருக்கும். பார்த்தவுடன் "ஜூலே!" என்றார்கள். வணக்கத்துக்கும் நன்றிக்கும் அங்கே அந்த ஒரே சொல்தான். அடுப்படியில் அரிசிக்கும் பருப்புக்கும் பிரஷர் குக்கர்தான். ஏன் தெரியுமா? அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு விறைத்துக்கொண்டுதான் நிற்கும்!

உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர் கொடுத்தார்கள். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு என்னவோ ரசம் மாதிரி பிடித்துப் போயிற்று. கம்பீர் என்ற தடித்த ரொட்டி, காய்கறியும் மாவுத்துண்டும் போட்ட ஸ்க்யூ, உலர்ந்த ஆப்ரிகாட் பழம், இவைதான் எங்கள் ஆகாரம்.

முதல் இரண்டு நாள் கடைவீதி வரை நடந்ததோடு சரி. அப்புறம்தான் ஒன்பது மாடி லே அரண்மனை, திக்ஸே மடம், சிந்துவும் ஸன்ஸ்கரும் கூடும் இடம் எல்லாம். கடைசியில் 17,500 அடிக்கு மேலுள்ள கார்துங்லா கணவாயில் பத்தே நிமிஷம் நின்றுவிட்டு நூப்ராவுக்கு இறங்கினோம். அங்கே மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் மேய்கின்றன!

ஒன்று சொல்லவேண்டும். இருபத்து மூன்று வருஷமாக இவர் பத்தடி முன்னால் நடப்பார், நான் பையோடு பின்னால் ஓடுவேன். லேயில் யாரும் வேகமாக நடக்க முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். பேசிக்கொண்டே நடந்தோம்.

கைக்குழந்தையோடு வந்தவர்கள்

அதே வீட்டில் ஓர் இளம் தம்பதி எட்டு மாசக் குழந்தையோடு வந்து இறங்கினார்கள். காலையில் விமானம், மறுநாளே கார்துங்லா என்று திட்டம். ராத்திரி குழந்தை பால் குடிக்காமல் ஒரே அழுகை. இரண்டு தடவை கக்கிவிட்டது. "பல் முளைக்குது போல" என்றாள் அந்தப் பெண். வீட்டு அம்மாளும் நானும் விடவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். கீழே கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். காலை விமானத்திலேயே டெல்லி திரும்பினார்கள். சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி: "பாப்பா பால் குடிச்சிட்டா ஆன்ட்டி."

பெரியவர்கள் தலை வலிக்கிறது என்று சொல்வோம். பச்சைப்பிள்ளைக்குச் சொல்லத் தெரியுமா? காரணமில்லாத அழுகை, பால் மறுப்பது, வாந்தி, சோர்வு, இவைதான் அதன் பாஷை.

கிளம்பும் சகோதரிகளுக்கு

• இருதயம், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. கைக்குழந்தை என்றால் குழந்தை டாக்டரைக் கேளுங்கள்.

• விமானத்தில் லே போனால் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. பத்தாயிரம் அடிக்கு மேல், ராத்திரி தங்கும் இடம் ஒரு நாளைக்குச் சுமார் 1,600 அடிக்கு மேல் ஏற வேண்டாம்.

• தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் மேலே ஏறாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், உடனே கீழே இறங்கி மருத்துவம் பார்க்க வேண்டும். மதுவும், தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும் கூடாது.

• வெளிமாநில பிரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது. போஸ்ட்பெய்ட் வேண்டும்.

• 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 உயிர்கள் பறிபோனதை மறக்க முடியாது. கிளம்பும் முன் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாள் கிடைக்கவில்லையென்றால் இடத்தைக் குறையுங்கள், ஓய்வைக் குறைக்காதீர்கள். மலை எங்கேயும் போய்விடாது!