விதைப் பட்டியல்: படத்தைப் பார்க்காதீர், வரியைப் படியுங்கள்

அமெரிக்காவில் மார்கழி, தை மாதங்களில் பல மாநிலங்கள் பனியால் மூடிக் கிடக்கும். மண்ணில் கை வைக்க முடியாது. அந்த நேரத்தில்தான் அங்குள்ள விதை நிறுவனங்கள் தங்கள் விதைப் பட்டியலை அச்சிட்டுத் தபாலில் அனுப்புகின்றன. 'கேட்லாக்' எனப்படும் இந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு ரகத்தின் படம், குணம், வயது, விலை எல்லாம் இருக்கும். வீட்டுத் தோட்டக்காரர் முதல் காய்கறி விவசாயி வரை பேனாவும் கையுமாக உட்கார்ந்து, வேண்டியதைக் குறித்து, வசந்த காலத்துக்கு முன் விதையை வாங்கிவிடுவார்கள்.

இணையம் வந்த பிறகும் இந்த அச்சுப் பட்டியல்கள் மறையவில்லை. அவற்றைப் பற்றித் தோட்டக்காரர்கள் சொல்லும் நிறையும் குறையும் நமக்கும் பயன்படும். விதைக் கடையில் கொடுக்கும் வண்ணத் துண்டுப் பிரசுரத்தை நம்பி ஒரு போகத்தையே பணயம் வைப்பவர்கள் நம்மிடமும் உண்டு.

படம் காட்டிய ஆசை

பட்டியலில் படம் பெரிதாக்கிக் காட்டுவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வண்ணக் கல்லச்சு வந்ததும், குழந்தையைவிடப் பெரிய பூசணி, கண்ணைப் பறிக்கும் தக்காளி என்று ஓவியர்கள் வரைந்து தள்ளினார்கள். பிலடெல்பியாவில் 1876இல் தொடங்கிய பர்பி நிறுவனம் தபால் வழி விதை விற்பனையில் பெரிய பெயர் எடுத்தது. வெள்ளை நிறச் செண்டுமல்லி விதையைக் கொண்டு வருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1954இல் அறிவித்தது. 1975இல் அயோவா மாநிலத்துப் பெண் தோட்டக்காரர் ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றார். அந்த 21 ஆண்டுகளும் வெள்ளைச் செண்டுமல்லி தேடிய தோட்டக்காரர்கள் எத்தனையோ பேர்.

'நியூயார்க்கர்' இதழின் ஆசிரியர்களில் ஒருவரான காதரின் ஒயிட், 1958 முதல் விதைப் பட்டியல்களைப் புத்தகங்களைப் போலவே மதிப்பிட்டு எழுதினார். யாருடைய எழுத்தில் உண்மை இருக்கிறது, யார் அளவுக்கு மீறிப் புகழ்கிறார் என்று பிரித்துச் சொன்னார். பூவை மேலும் மேலும் பெரிதாக்கி, அதன் இயல்பான வடிவத்தையே மாற்றுவதை அவர் ஏற்கவில்லை.

குறையைச் சொல்லும் பட்டியல்

அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் விரும்பும் பட்டியல்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. அவை தாங்கள் விற்கும் ரகத்தின் குறையையும் சொல்லும். 'ருசி நன்று, ஆனால் மழையில் பழம் வெடிக்கும்', 'மகசூல் குறைவு, ஆனால் முன்கூட்டியே காய்க்கும்' என்ற மாதிரி எழுதினால், மற்ற வரிகளையும் நம்பலாம் என்ற எண்ணம் வரும். எல்லா ரகமும் 'மிகச் சிறந்தது' என்றால், எதைத் தேர்ந்தெடுப்பது?

மெய்ன் மாநிலத்தில் 1978இல் தொடங்கிய பெட்கோ என்ற கூட்டுறவு நிறுவனத்தின் பட்டியல் நெடுங்காலம் சாதாரணச் செய்தித்தாள் காகிதத்தில், கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களுடன் வந்தது. ஒவ்வொரு விதையும் சிறு விவசாயியிடமிருந்து வந்ததா, பன்னாட்டு நிறுவனத்திடமிருந்து வந்ததா என்பதை எண் குறியீட்டால் காட்டும் வழக்கமும் அதற்கு உண்டு. பளபளப்பு இல்லாமலே அதற்கென்று விசுவாசமான வாசகர்கள் இருக்கிறார்கள்.

1975இல் தொடங்கிய 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' அமைப்பின் ஆண்டுப் புத்தகம் இன்னொரு வகை. அதில் விவரம் எழுதுபவர் கடைக்காரர் அல்ல. அந்த விதையைத் தன் மண்ணில் போட்டு வளர்த்த உறுப்பினரே எழுதுகிறார். அமைப்பைத் தொடங்கிய தம்பதிக்குத் தாத்தா ஒருவர் கொடுத்த பூ விதையும் தக்காளி விதையுமே தொடக்கம்.

நம் ஊரில் இதற்கு இணை, விதைத் திருவிழாக்களில் கிடைக்கும் ரகப் பட்டியல். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய நெல் விதை வாங்கியவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் முறையை மறைந்த நெல் ஜெயராமன் நடத்திக் காட்டினார். அங்கே விதை கொடுப்பவரிடமே 'மேட்டு நிலமா, பள்ளமா, எத்தனை நாள், சாயுமா' என்று நேரில் கேட்கலாம். அச்சுப் பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தக் கேள்விக்குப் பதிலாக முடியாது.

எந்த ஊருக்கு எழுதியது?

பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த ஊர் விவசாயிக்காக எழுதப்பட்டது என்பதை. வெங்காயம் நல்ல உதாரணம். அமெரிக்கப் பட்டியல்களில் வெங்காயத்தை நீண்ட பகல் ரகம், குறுகிய பகல் ரகம் என்று பிரித்திருப்பார்கள். நீண்ட பகல் ரகம் குமிழ் பிடிக்க ஏறத்தாழ 14 மணி நேரப் பகல் வேண்டும். தமிழகத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. படத்தில் கால் கிலோ எடையில் தெரியும் அந்த வெங்காயம், நம் வயலில் தாளாகவே நிற்கும். உரமும் தண்ணீரும் எவ்வளவு கொடுத்தாலும் பயன் இல்லை.

வெளிநாட்டு விதையை நினைத்தபடி தபாலில் வரவழைக்கவும் முடியாது. நோயும் பூச்சியும் உள்ளே வந்துவிடாமல் தடுக்க, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் தேவை.

அடுத்தது வயது. 'தக்காளி 70 நாள்' என்று அமெரிக்கப் பட்டியலில் இருந்தால், பொதுவாக அது நாற்று நட்ட நாளிலிருந்து முதல் பழம் வரை. நாற்றங்காலில் இருக்கும் சுமார் 25 நாள் அதில் சேராது. வெண்டை, பீன்ஸ் போல நேரடியாக ஊன்றும் பயிர்களுக்கு விதைத்த நாளிலிருந்து கணக்கு. பொங்கல் சந்தையையோ முகூர்த்த நாளையோ குறி வைத்து நடுபவருக்கு இந்த 25 நாள் வித்தியாசம் விலையையே மாற்றிவிடும். ஆகவே 'எந்த நாளிலிருந்து எண்ணியது?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரிகளுக்கு இடையே

சில சொற்களுக்குப் பின்னால் வேறு பொருள் உண்டு. 'நீண்ட தூரம் கொண்டு செல்ல ஏற்றது' என்றால் பெரும்பாலும் தோல் தடிமனான, கெட்டியான பழம். மொத்த வியாபாரிக்குப் பிடிக்கும். வீட்டு ரசத்துக்கு அவ்வளவு ருசிக்காமல் போகலாம். 'வீரியமாகப் படரும்' என்றால் இடமும் பந்தலும் அதிகம் வேண்டும்.

'நோய் எதிர்ப்பு' என்பதும் 'நோய் தாங்கும்' என்பதும் ஒன்றல்ல. தாங்கும் ரகத்தில் நோய் வரும். பாதிப்பு குறைவாக இருக்கும். எதிர்ப்பும் நிரந்தரமல்ல. அர்கா அனாமிகா வெண்டை, மஞ்சள் நரம்புத் தேமல் நோய்க்கு எதிர்ப்புள்ள ரகமாகவே வெளியிடப்பட்டது. காலப்போக்கில் பல இடங்களில் அந்த ரகமும் தேமலுக்கு ஆளானது. எனவே பழைய பட்டியலில் உள்ள வரியை இந்த ஆண்டுக்கும் அப்படியே நம்பக் கூடாது.

'எஃப்1' என்ற குறி இருந்தால் அது முதல் தலைமுறை வீரிய ஒட்டு. அதிலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டால் செடிகள் ஒரே சீராக வராது. ஒவ்வொரு முறையும் புது விதை வாங்கும் செலவைக் கணக்கில் சேர்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

அட்டையே நம் பட்டியல்

நம் விவசாயியின் கைக்குக் கட்டாயம் வரும் விதைப் பட்டியல், பையில் உள்ள விவர அட்டைதான். துண்டுப் பிரசுரத்தில் எதையும் எழுதலாம். அட்டையில் எழுதுவதற்குச் சட்டப் பொறுப்பு உண்டு. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை.

அட்டையில் ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், புறத்தூய்மை, பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்க்கவும். சான்று விதையில் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம்; வெண்டைக்கு 65; மிளகாய்க்கு 60. கடையில் தினமும் விதை இருப்பையும் விலையையும் எழுதி வைக்க வேண்டும். வாங்குபவருக்கு ரசீது தர வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை.

ரசீதில் ரகமும் குவியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். நாற்றங்காலில் போடும் முன், விதை நிறைய இருந்தால் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் வைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். அறுவடை முடியும் வரை ரசீது, அட்டை, காலிப் பை, கொஞ்சம் விதை நான்கையும் பத்திரப்படுத்துங்கள். முளைப்பு பொய்த்தாலோ, ரகம் மாறிக் காய்த்தாலோ விதை ஆய்வாளரிடம் காட்ட இவை வேண்டும்.

அமெரிக்கத் தோட்டக்காரர்களிடம் கற்க இன்னொரு பழக்கமும் உண்டு. சென்ற ஆண்டுப் பட்டியலைத் தூக்கி எறியாமல், எந்த ரகம் எப்படி வந்தது என்று அதன் ஓரத்திலேயே எழுதி வைப்பவர்கள் பலர். ஒரு 40 பக்க நோட்டு போதும். ரகம், வாங்கிய கடை, குவியல் எண், விதைத்த நாள், முதல் பறிப்பு, மொத்த மகசூல், வந்த நோய் என்று மூன்று ஆண்டு எழுதினால், உங்கள் நிலத்துக்கென்றே ஒரு விதைப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.