காரில் மலாக்கா: பெட்ரோல் கணக்கு போடுவது எப்படி?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சனி, ஞாயிறு மலாக்காவுக்கோ பத்துமலைக்கோ காரில் போகலாம் என்று பேசத் தொடங்கினால், “பெட்ரோலை அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளலாம், மலிவு” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மலிவுதான். ஆனால் எந்தப் பெட்ரோலைப் போடலாம், எவ்வளவு பெட்ரோலோடு எல்லையைத் தாண்ட வேண்டும் என்பதற்கு இரு நாடுகளிலும் விதிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் செலவைச் சரியாகக் கணக்கிட முடியும்.

முக்கால் டேங்க் விதி

சிங்கப்பூரில் பெட்ரோல் விலையில் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. 2021 பிப்ரவரி முதல் 92, 95 ரகங்களுக்கு லிட்டருக்கு 66 காசும், 98 ரகத்துக்கு 79 காசும் தீர்வை. அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. இந்த வரியைத் தவிர்க்க எல்லாரும் ஜோகூருக்குப் போய் டேங்கை நிரப்பிவந்தால் தீர்வையின் நோக்கமே கெட்டுவிடும். அதனால் சிங்கப்பூரில் பதிவான கார் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் வழியாக வெளியேறும்போது டேங்கில் குறைந்தது முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும். 1989-இல் அரை டேங்க் என்று தொடங்கிய விதி 1991-இல் முக்காலாக உயர்ந்தது. குறைவாக இருந்தால் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அளவுமானியில் கைவைப்பது இதைவிடப் பெரிய குற்றம்.

வாடகைக் காருக்கும் இதே விதிதான். மலேசியாவுக்குக் கொண்டுபோக வாடகை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ரோன் 97 மட்டும்

மலேசியாவில் ரோன் 95 பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவு கொண்ட வாகனங்களுக்கு விற்பது 2010 ஆகஸ்ட் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. நீங்கள் போட வேண்டியது ரோன் 97. அதன் விலையை அரசு வாரம்தோறும் அறிவிக்கிறது. எந்த நிறுவனத்தின் நிலையமானாலும் தீபகற்பம் முழுவதும் ஒரே விலை என்பதால், மலிவான நிலையத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டு வங்கி அட்டையைப் பம்பில் நேராகச் செருகினால், போட்ட பெட்ரோலின் விலையைவிடப் பெரிய தொகையை வங்கி சில நாள் பிடித்து வைப்பதுண்டு. முகப்பில் பணம் கட்டிவிட்டுப் போடுவது நல்லது.

கணக்கு

கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும், டேங்க் 45 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் டேங்க் சுமார் 34 லிட்டர். உட்லண்ட்ஸிலிருந்து மலாக்கா ஏறத்தாழ 230 கிலோமீட்டர். போய்வர 460, ஊருக்குள் சுற்ற 40, ஆக 500 கிலோமீட்டர். இதற்கு ஏறக்குறைய 36 லிட்டர் வேண்டும். கொண்டுபோன 34 லிட்டர் போதாது. வழியில் ஒருமுறை ரோன் 97 போட்டே ஆகவேண்டும். திரும்பும்போது ஜோகூர் பாருவில் டேங்கை நிரப்பிக்கொண்டால், மலேசியாவில் வாங்கிய பெட்ரோல் மொத்தம் 47 லிட்டர் ஆகும்.

சிங்கப்பூரில் உங்களுக்குக் கிடைக்கும் அட்டைத் தள்ளுபடியைக் கழித்த பிறகு, லிட்டருக்கு 1.20 வெள்ளி வித்தியாசம் என்று கொண்டால் மிச்சம் 56 வெள்ளி. புறப்படும் வாரத்து விலையையும் ரிங்கிட் மாற்று விகிதத்தையும் பார்த்து இந்த 1.20-ஐ மாற்றிக்கொள்ளுங்கள். சாலையில் எரிவது முதலில் நீங்கள் சிங்கப்பூர் விலையில் வாங்கியதுதான். மிச்சம் முழுவதும் மலேசியாவில் போடும் லிட்டர்களிலிருந்து மட்டுமே வருகிறது.

இனி கழிக்க வேண்டியவை. ஒவ்வொரு முறை நுழையும்போதும் வெளிநாட்டுக் காருக்குச் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். அதோடு நெடுஞ்சாலைச் சுங்கம். விஇபி என்னும் வாகன நுழைவு அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். 2025 ஜூலை முதல் இதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள். எல்லைப் பாலத்து நெரிசலில் குளிர்சாதனத்தோடு நிற்கும் நேரமும் எரிபொருளைத் தின்னும். வெள்ளி மாலையை விட்டு சனி விடியற்காலையில் கிளம்பினால் நேரத்தோடு பெட்ரோலும் மிஞ்சும். நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு மிக விரைவாக ஏறுவதால், 90-க்கும் 110-க்கும் இடையே ஓட்டினாலே செலவு குறைவது தெரியும். டயர் காற்றைக் கிளம்பும் முன் சரிபாருங்கள்.

இத்தனையும் கூட்டிக் கழித்தால், பெட்ரோல் மிச்சம் சுங்கத்தையும் கட்டணங்களையும் ஈடுகட்ட உதவும், பயணத்தையே இலவசமாக்காது. மொத்தச் செலவை நாலு பேராகப் பிரித்துக்கொள்வதுதான் இதைவிடப் பெரிய சேமிப்பு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரோன் 95-ஐக் குறைந்த விலையில் கொடுக்க மலேசிய அரசு தன் மக்களின் பணத்தைச் செலவிடுகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் வந்த புடி95 திட்டத்தில், குடிமக்கள் தங்கள் அடையாள அட்டையான மைகார்டைக் காட்டி லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வாங்கும் ஏற்பாடு அவர்களுக்காகவே செய்யப்பட்டது. அங்கே சம்பளமும் ரிங்கிட்டில்தான். யாரும் பார்க்கவில்லை என்றாலும் அந்தக் குழாயைத் தொடாதீர்கள். ரோன் 97-க்கு முழு விலை கொடுத்த பிறகும் உங்களுக்கு மிச்சம்தான்.