சீம்பாலும் பன்றிக்குட்டியும்: குடல் சளி என்ன வேலை செய்யுது?

லாஸ்பேட்டை மொட்டை மாடி ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல தெருநாய் குரைச்சா பொறுத்துக்கோங்க.

போன மாசம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அம்மாவைப் பெத்த ஆயா, சங்கைக் கழுவி சர்க்கரைத் தண்ணியோட ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. "முதல் பால் மஞ்சளா பிசுபிசுன்னு இருக்கு, அதைப் பீய்ச்சிக் கொட்டிட்டு சேனை வைக்கலாம்"னாங்க. நர்ஸ் விடலை. "எங்க புள்ளைங்க எல்லாம் வளரலையா?"ன்னு ஆயாவுக்குக் கோபம். அவங்களுக்குப் பிறந்தது ஏழு, நின்னது அஞ்சு. மத்த ரெண்டும் பேதியில போயிடுச்சுன்னு மட்டும் சொல்வாங்க.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பன்றிக்குட்டிகிட்ட போய் நின்னேன். ஏன் பன்றி? அதோட குடல் நம்ம குடல் மாதிரியே பெரும்பாலும் வேலை செய்யுது. குழந்தைகளுக்குப் பேதி வரவைக்கிற ரோட்டாவைரஸோட உறவுக்கார வைரஸ்கள் பன்றிக்குட்டியையும் தாக்கும். இன்னொரு பன்றிப் பேதி வைரஸ் 2013-ல் அமெரிக்காவுக்குள்ள நுழைஞ்சு லட்சக்கணக்கான குட்டிகளைக் கொன்னது. பெரிய பன்றிகள் சில நாள்ல தேறிடுச்சு. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிங்கதான் கொத்துக் கொத்தா செத்தது.

ஒரே வைரஸ், ஏன் இந்த வித்தியாசம்? ஒரு காரணம், வைரஸ் அரிச்ச குடல் செல்களைப் புதுசா மாத்த பச்சைக் குட்டிக்கு அதிக நாள் ஆகுது. இன்னொன்னு, குடல் சளி.

சளின்னதும் மூக்கைப் பிடிக்காதீங்க. குடலோட உள்சுவர் முழுக்க ஒரு வழவழப்பான பூச்சு இருக்கு. கிண்ணம் மாதிரி இருக்கிற சின்னச் செல்கள் அதைச் சுரந்துகிட்டே இருக்கும். அதுல முக்கியமான பொருள் மியூசின்: புரதத்து மேல சர்க்கரைச் சரங்கள் தொங்குற வலை. பண்ருட்டிப் பலாப்பழத்தை எண்ணெய் தடவாத கையால உரிச்சா பிசின் விடாது இல்ல? வைரஸுக்கும் அங்க அதே கதிதான்.

இதுல ஒரு ஏமாத்து வேலையும் இருக்கு. ரோட்டாவைரஸ் செல்லுக்குள்ள நுழைய, செல் மேல இருக்கிற சர்க்கரையைப் பிடிச்சுக்கும். அதே மாதிரி சர்க்கரை மியூசின்லயும் தொங்குது. சுவத்துல வரைஞ்ச பூட்டுல சாவி போடுற திருடன் மாதிரி, வைரஸ் அங்கேயே நின்னுடும். அப்புறம் குடல் அந்தச் சளியைத் தள்ளி வெளியேத்திடும்.

ஆனா பச்சைக் குட்டிக்கு இந்தச் சுவர் இன்னும் முழுசா முதிரலை. மனுசக் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியா அம்மாவோட ஆன்டிபாடி கொஞ்சம் வந்துடும். பன்றிக்குட்டிக்கு அதுவும் கிடையாது. சீம்பால்ல இருந்துதான் வரணும், அதையும் குடல் ரத்தத்துக்குள்ள விடுறது ஏறக்குறைய முதல் ஒரு நாள் மட்டும்தான். அப்புறம் கதவு சாத்திடும். அதுக்குப் பிறகு பால்ல வர்ற ஆன்டிபாடி, குடல் சளியிலேயே தங்கிக் காவல் காக்கும். அதனாலதான் குட்டி பிறந்ததும் மடியில போடுங்கன்னு கால்நடை டாக்டர்கள் அடிச்சுச் சொல்றாங்க.

நம்ம குழந்தைக்கும் அந்த மஞ்சள் பால் இதே காவலைத்தான் செய்யுது. சங்குத் தண்ணி அந்த இடத்தைப் பிடிச்சுக்கும், அதுல கிருமியும் வரலாம். அதுக்காகப் பால் மட்டும் போதும்னு சொல்லலை. 2016-ல் இருந்து ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்துல இருக்கு. 6, 10, 14-வது வாரங்கள்ல இலவசம். மறக்காதீங்க.

ஆயாகிட்ட இதெல்லாம் சொன்னேன். "என் கொள்ளுப்பேரனைப் பன்னியோடயா சேர்க்கிற?"ன்னு முறைச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ எங்களுக்கு யாரும் இதைச் சொல்லலையே"ன்னாங்க. அது அவங்க தப்பு இல்லைன்னு சொன்னேன். உங்க வீட்டு ஆயாகிட்ட பேசுறப்பவும் அங்க இருந்தே ஆரம்பிங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.